மஸாம்பாவின் கிதார்க் கழுத்து

மத்தாடி ஊருக்குப் போகும் சாலையில் இசைக்குழுவின் வேன் கவிழ்ந்தபோது கியாலா நடு இருக்கையில் இருந்தான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த மஸாம்பா அந்த இடத்திலேயே போய்விட்டான். இருபத்திரண்டு வருஷம் ஒரே குழுவில் வாசித்தவர்கள். மஸாம்பா முன்னணிக் கிதார், கியாலா துணைக் கிதார்.

துக்க வீட்டில் மூன்று நாள் கியாலா பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டான், அடுக்கினான், மறுபடி போட்டான். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. "கல்லு நெஞ்சுக்காரன்" என்று மஸாம்பாவின் அத்தைமார் அவன் காதுபடவே சொன்னார்கள். அவனுக்கும் அது சரியென்றே பட்டது.

கச்சேரி இல்லாத நாட்களில் கியாலா மத்தோங்கே பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் கிதார் பழுது பார்ப்பான். துக்கம் முடித்து நாற்பது நாள் கழிந்ததும், மஸாம்பாவின் மனைவி ம்வாதி கிதார்ப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு அங்கே வந்தாள்.

"தொறந்து பாருங்க, கொழுந்தனாரே." புருஷனின் கூட்டாளியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

சிவப்புக் கிதார். பிரஸ்ஸல்ஸுக்குக் கச்சேரிக்குப் போனபோது கிடைத்த சம்பளம் முழுவதையும் கொடுத்து மஸாம்பா வாங்கியது. வேன் கவிழ்ந்ததில் கழுத்து உச்சியில் ஒடிந்து, முறுக்காணிகள் இருக்கும் தலைப்பகுதி கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒட்டிரலாம்" என்றான்.

"ஒட்டுனா மட்டும் போதாது. கழுத்த மெலிசாக்கணும். அந்த மனுசனுக்குக் கையா அது, முறம்! என் வெரலு பாதி கம்பிக்கு மேல எட்ட மாட்டேங்குது."

"நீயா வாசிக்கப் போற?"

"பின்ன, உங்க வீட்டு ஆடா? பதினெட்டு வருசம் அவருக்கு எதிர உக்காந்து மரவள்ளி எல இடிச்சிருக்கேன். காது செவிடா எனக்கு? அவரு வெளியூர் போனா எடுத்துத் தட்டிப் பாப்பேன். சர்ச்சுல கிதாருக்கு ஆளில்ல. கேட்டேன், சரின்னுட்டாங்க."

"இழைச்ச மரம் திரும்ப வராது, ம்வாதி."

"அவரு திரும்பி வந்தா தடியாக்கிக் குடுங்க."

அவனுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பெட்டியை வாங்கி வைத்தான்.

விரிசலுக்குள் ஊசிக்குழாயால் பசை ஏற்றி, சைக்கிள் டியூப் வாரால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட்டான். மறுநாள் ஒட்டின் இருபுறமும் பள்ளமாகக் காடி எடுத்து, கறுத்த வெங்கே மரச் சிம்புகளைப் பதித்தான். பிறகு அரத்தை எடுத்துக்கொண்டு கழுத்தின் பின்புறத்தைத் திருப்பினான்.

கழுத்தில் குறுக்கே பதித்த ஐந்தாவது ஃப்ரெட் கம்பிக்குப் பின்னால் வார்னிஷ் தேய்ந்து, மரம் வியர்வையில் கறுத்திருந்தது. மஸாம்பாவின் கட்டைவிரல் இருந்த இடம். கியாலா தன் விரலை அங்கே வைத்துப் பார்த்தான். ஏதாவது வரும் என்று சற்றுநேரம் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. அரத்தால் இழைக்கத் தொடங்கினான்.

பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "டேய், அது மஸாம்பாவோடதில்ல? கை கூசலையா ஒனக்கு?"

"இன்னும் ஒரு மில்லிமீட்டர் எடுக்கணும்ணே" என்றான் கியாலா.

கால் மணி நேரத்தில் அந்தக் கறை தூளாகி மடியில் கிடந்தது. கழுத்துக்குள் வலுவுக்காக ஓடும் இரும்புக் கம்பி தட்டிவிடாமல், நிறுத்தி நிறுத்தி அளந்து இழைத்தான். கடைசியில் உப்புத்தாள், எண்ணெய்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனான். ம்வாதி நின்றுகொண்டு வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுமாறினாள். ஆனாலும் கூட்டம் எழுந்து ஆடியது. மஸாம்பாவின் அத்தை ஒருத்தி முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கியாலா தலையைச் சாய்த்து, கம்பி எங்கே இரைகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"எப்படி?" என்று வெளியே வந்து கேட்டாள் ம்வாதி.

"ஏழாவது ஃப்ரெட்டுல லேசா இரையுது. திங்கக்கெழம கொண்டா."

அவள் அவனையே பார்த்தாள். "ஒரு தடவ அழுதுருங்களேன், கொழுந்தனாரே."

"வரல."

"சரி, வர்றப்ப வரட்டும். வாங்க, வீட்டுல மீன் ஆறுது."

போனான். அவள் போட்டதைச் சாப்பிட்டான். இன்னொரு துண்டு வைத்தாள், அதையும் சாப்பிட்டான்.