தடுத்துவைத்த ஐயோடீனும் அழாத பிள்ளையும்

1. ஒரு துளி

லெபோரட்டரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதன் தலைவரான டொக்டர் எனக்குக் கதிரியக்க ஐயோடீனைக் காட்டினார். ஈயப் பெட்டிக்குள் சின்னக் குப்பி, அதற்குள் ஒரு துளி. அந்தத் துளியை, தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் டீ.எஸ்.எச். என்ற ஹார்மோன் புரதத்தில் ஒட்டவைப்பதுதான் கொழும்பில் பல வருடம் என் பிழைப்பு. ஒட்டவைக்கிற குளோரமின்-டி மருந்தைச் சேர்த்த கையோடு அதன் வேலையை நிறுத்த வேண்டும். கொஞ்சம் அசந்தால் புரதம் கெட்டுவிடும்.

ஒட்டிய புரதத்தை லேபல் என்போம். அதுவும் பிள்ளையின் இரத்தத்திலுள்ள ஹார்மோனும் ஆன்டிபொடி என்ற ஒரே எதிர்ப்புரதத்தில் ஒட்டப் போட்டி போடும். பிள்ளையுடையது அதிகமென்றால் எங்களுடையதற்கு இடம் கிடைக்காது, கதிரை எண்ணும் கவுண்டரில் எண்ணிக்கை விழுந்துவிடும். விழுந்தால் பிள்ளையின் தைரொயிட் வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டும். பிறந்த சில கிழமைக்குள் மாத்திரை கொடுத்தால் பிள்ளை தேறிவிடும். பிந்தினால் மூளை வளராது.

கேகாலை மாவட்டத்தில் புளத்கொகுபிட்டிய பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கலாம் என்று சொன்னது நான்தான். நான் பிறந்ததும் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்.

2. பெட்டி வரவில்லை

இரத்தம் வந்து ஃபிரீசரில் சேர்ந்தது. ஐயோடீன் வரவில்லை. யுத்த காலம். கதிரியக்கச் சின்னம் போட்ட பெட்டியைக் கண்டதும் விமான நிலையத்தில் தடுத்துவைத்துவிட்டார்கள். மற்ற லெபோரட்டரிகளுக்கும் அதே கதிதான்.

"நான் போய் விளக்கிச் சொல்லவா டொக்டர்?" என்று கேட்டேன்.

"வாணாம். உங்கட பேரப் பாத்தா இன்னும் இழுத்தடிப்பாங்க. மேலிடத்துல அனுமதி கேட்டிருக்காங்களாம், பொறுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அந்தத் துளியைப் பற்றி அந்தக் கட்டடத்தில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை, ஆனால் என் தமிழ்ப் பெயரோடு அதன் பக்கத்தில் போக முடியாது. பொறுத்தேன். ஐயோடீன் பொறுக்காது, பெட்டிக்குள் கிடந்தபடியே தேயும். இரண்டு மாதம் கழித்துக் கைக்கு வந்தபோது அதன் வலுவில் பாதி போயிருந்தது. இருந்ததை வைத்து லேபல் போட்டேன். நன்றாக ஒட்டியது.

ஒரே ஒரு டியூபில் எண்ணிக்கை அடியில் கிடந்தது. திரும்பச் செய்தேன், அதே இடத்தில்தான் நின்றது. அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

3. பிள்ளைக்காம்பரா

ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள் விடியும் முன்னே பிள்ளைகளை, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிடுவார்கள். கத்துகிற பிள்ளையின் தாயை வேலைக்காட்டிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள், அவளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அதனால் அங்கே சத்தமில்லாத பிள்ளைக்கு நல்ல பெயர்.

நான் தேடிப்போன பிள்ளையின் தாய் பெயர் செல்வமலர். ரப்பர் பால் காய்ந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"தங்கமான புள்ள மிஸ். அழுவறதே கெடையாது. பாலுக்குக்கூட நாமதான் எழுப்பணும்."

"ஆமாங்க, இவ மாதிரி பத்துப் புள்ள இருந்தா எனக்குக் கவலையே இல்ல" என்றாள் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மா.

பிள்ளையைத் தூக்கினேன். தொய்ந்து கிடந்தது. நாக்கு தடித்து வெளியே தெரிந்தது. தொப்புள் பிதுங்கியிருந்தது. டியூபில் கண்டது சரிதான் என்று, பிள்ளையைக் கீழே விடாமல் தாயின் பக்கம் திரும்பினேன்.

"என்னாங்க மிஸ்? ஏதும் கொறையா?"

சொன்னேன். அழாததே நோயின் அடையாளம் என்பது முதலில் அவளுக்கு விளங்கவில்லை. "நல்ல புள்ளன்னுதானே எல்லாரும் சொன்னாங்க" என்றாள்.

கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அன்றே மாத்திரை தொடங்கினார்கள். பிள்ளை பிழைத்தது, வளர்ந்தது. பிந்திப்போன கிழமைகளை எந்த மாத்திரையும் திருப்பித் தரவில்லை.

யுத்தம் முடிந்த வருடம் கடைசியாக அங்கே போனேன். செல்வமலரின் மகள் வயதுப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அவள் இன்னும் பிள்ளைக்காம்பராவில்தான் இருந்தாள், கைக்குழந்தைகளுக்கு நடுவில், பாயில் உட்கார்ந்தபடி.

"இன்னிக்கும் ஒரு தொல்லை குடுக்க மாட்டா மிஸ்" என்றாள் செல்வமலர். இப்போது அவள் சிரிக்கவில்லை.

ஆராய்ச்சி பழக வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஐயோடீன் வரும்வரை ஃபிரீசரைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பிள்ளைக்காம்பராவுக்குப் போய், இங்கே அழாத பிள்ளை எது என்று கேளுங்கள். அதைக் கேட்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.