செலின்மேரி வெட்டிக் கொடுத்த பாதிச் செடி

சிதம்பரத்தில் என் வீட்டு மாடியில் ஆர்கிட் செடிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கடலூரிலிருந்து ஜெசி, செலின்மேரியின் மகள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. காலையில காபி குடிச்சிட்டு உக்காந்தவுங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க." கையிலிருந்த ஸ்ப்ரேயரைத் தரையில் ஓங்கி அடித்தேன். அது சுக்குநூறாக உடைந்தது. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்மேல் இல்லை, என்மேல்.

மஞ்சக்குப்பம் ஆபீஸில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு, தபால் பிரிவு செலின்மேரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் நம்பர் போட்டு சீல் குத்தாமல் ஒரு காகிதம் வாசலைத் தாண்டாது. ஒவ்வொன்றையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் குத்துவார். தப்பாக இருந்தால் ஆபீசர் கடிதமே ஆனாலும் விட்டெறிவார். ஹெட் கிளார்க்கான என் காகிதங்களை மட்டும் படிக்க மாட்டார். "உங்க பேப்பர்ல நான் என்னா சார் பாக்கறது?" என்பார். அந்த நம்பிக்கையைத்தான் நான் கொன்றேன்.

ஆபீஸ் வாசலில் பெரிய வேப்பமரம். அதன் கவட்டையில், வார் வாராக இலையும் கயிறு கயிறாக வேருமாக ஒரு செடி. நாங்கள் அதைப் புல்லுருவி என்போம். அந்த வார்த்தை காதில் விழுந்தால் செலின்மேரிக்கு வெறி வந்துவிடும். "புல்லுருவி மரத்த உறிஞ்சும் சார். இது வாண்டா, ஆர்கிட். மரத்துமேல குந்திக்கினு காத்துலயும் மழையிலயும் பொழைக்கிது. யாரு சோத்துலயும் கை வைக்கல." பூத்தபோது எங்களை ஒவ்வொருவராக ஸ்டூலில் ஏற்றிக் காட்டினார். பச்சையும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ், நடுவில் ஊதா நாக்கு. அன்று ஃபைல் வாசனையை மீறிக்கொண்டு பூ வாசனை வந்தது.

ஆசை தாங்காமல் நானும் ஒன்று வாங்கி, தொட்டியில் செம்மண் ரொப்பி, வேரை நன்றாகப் புதைத்து ஆபீஸ் ஜன்னலில் வைத்தேன். செலின்மேரி பார்த்தார். தொட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்தார். அழுகிய வேர்களை பிளேடால் சீவித் தள்ளினார். "உசுரோட பொதச்சிருக்கீங்களே, உங்கள என்னா செஞ்சா தகும்?" ஆபீஸே சிரித்தது. செடி பிழைக்கவில்லை.

பிறகு ஆபீசருக்குக் கார் ஷெட் தேவைப்பட்டது. மரம் இடைஞ்சல். பச்சை மரத்தை வெட்ட அனுமதி கிடைக்காது. "எதையாவது எழுதுய்யா" என்றார். 'புல்லுருவி பிடித்து மரம் பட்டுவிட்டது, எந்நேரமும் விழலாம்' என்று எழுதி, ஆபீசருக்காக என்று போட்டு நானே கையெழுத்திட்டேன். பொய் என்று தெரிந்தே எழுதினேன். செலின்மேரி படிக்காமல் சீலை ஓங்கிக் குத்தினார்.

மெஷின் ரம்பத்தோடு ஆட்கள் வந்த அன்று அவர் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரம்பக்காரர் முதுகில் நாலு அடி விழுந்தது. "கிட்ட வந்த, மண்டைய பொளந்துடுவேன்!" ஆபீசர் வண்டி டிரைவர் அவரைப் பிடித்துத் தள்ளினான். உதடு கிழிந்தது. அதற்குள் செடியிருந்த கிளை முறிந்து விழ, அதன்மேல் பாய்ந்தார். மேலிருந்து இன்னொரு கிளை அவர் இடது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வராந்தாவில் நின்ற எனக்குக் கேட்டது. ஆமாம், நான் வராந்தாவில்தான் நின்றேன். ஆம்புலன்ஸில் ஏற்றியபோதும் வலது கையில் செடி, இலையெல்லாம் ரத்தம். "எந்தப் பாவி எழுதிக் குடுத்தான்? அவன் கை வெளங்குமா?" என்று கத்தினார். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கையில் மாவுக்கட்டோடு, பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். அந்தச் செடியை மேசையில் கிடத்தி, "கெட்டியா புடிங்க" என்றார். பிடித்தேன். நடுத்தண்டில் கத்தியை வைத்து ஒரே வெட்டு. "மேல்பாதியில மூணு வேராவது இருக்கணும். இது உங்களுக்கு. அடிப்பாதி எனக்கு, அது பக்கத்துல துளுத்துக்கும். வெட்டுன எடத்துல, கொழம்புக்குப் போடுற லவங்கப் பட்டத்தூள் வைங்க. மண்ணே ஆவாது. கரித்துண்டு, ஓட்டாஞ்சில்லு போதும். காலை வெயில் படட்டும். வேர் வெள்ளையா இருந்தா தண்ணி அடிங்க, பச்சையானா நிறுத்துங்க. ஜாஸ்தி ஊத்தி குருத்துல தண்ணி நின்னா அழுவிடும். சாவடிச்சீங்க, உங்க கைய ஒடிச்சிடுவேன்." சிரிக்காமல்தான் சொன்னார்.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பியபோது ஜெசி அந்த அடிப்பாதியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மூன்று துளிர் விட்டிருந்தது. "ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு அம்மா சொல்லி வெச்சாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

தயங்கினாள். "கைக்கட்டோட ஒங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே, அந்த லெட்டரோட ஆபீஸ் காப்பிய எடுத்துப் படிச்சிட்டாங்களாம் அங்கிள். 'கையெழுத்து போட்ட கை, சாவுற வரைக்கும் தண்ணி ஊத்தட்டும்'னாங்க."

அப்படியானால், என் வீட்டில் கையில் கத்தியோடு "கெட்டியா புடிங்க" என்றபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

நண்பர்களே, அந்தக் கடிதத்தை எழுதியது நான். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அவர் எனக்கு விட்டுப்போனது இரண்டு பாதிச் செடியும் இந்தத் தண்டனையும்தான். இன்று காலை வேர்கள் வெள்ளையாக இருந்தன. ஊற்றினேன்.