குழு வழியாக வந்த வேலை

என் அக்கா கணவர் எக்ஸ்ரே இயந்திரம் பழுது பார்ப்பவர். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அதையே இன்னொருவன் முதலில் சொல்லிவிட்டால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தத் தொழில்காரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் குழு உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளான நானே அமைத்தது. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். பெரிய ஆஸ்பத்திரி மேலாளர் ஒருவரும் அதில் இருந்தார். தலைமை மெக்கானிக் வேலைக்கு இங்கிருந்துதான் ஆள் எடுக்கப்போகிறார் என்று பேச்சு. மாமாவுக்கு அந்த வேலை மேல் கண். பக்கத்து ஊர் மெக்கானிக் மேல் வயிற்றெரிச்சல். அவருக்கு மாமா வைத்த பெயர் துரை.

“டேய் பட்டதாரி, துரை எழுதினா அவன் முகவரி பளிச்சுனு வருது. நான் எழுதினா மட்டும் ‘குழு வழியாக’ன்னு உன் குழு முகவரி வருது. யாருடா உனக்கு மாமன்?”

விளக்கினேன். கடிதம் கிளம்பும்போது மெயில் நிறுவனம் ஒரு முத்திரை வைக்கும். குழு, கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்ப்பதால் அது உடையும். உடைந்ததை வாங்காதே என்று மாமாவின் மெயில் நிறுவனம் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறது. அதனால் குழு தன் முகவரியில் அனுப்புகிறது. துரையின் மெயில் நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை.

“அப்ப அவனுக்கும் மாத்து.”

“அவருக்குத் தேவையில்லையே மாமா.”

“எனக்குத் தேவைடா!”

“மாத்தித் தொலைடா, நாள் பூரா புலம்புறார்” என்றாள் அக்கா.

எல்லோருக்கும் மாற்றினேன். துரையின் அடுத்த கடிதம் ‘குழு வழியாக’ வந்தது. மாமா அன்று மறுசோறு கேட்டார்.

அந்தக் கடிதத்துக்குத்தான் மேலாளர், துரைக்கு மட்டும் எழுதுவதாக நினைத்துப் பதில் போட்டார். முகவரி குழுவுடையதாகிவிட்டதால் அது எல்லோருக்கும் வந்து விழுந்தது. “வேலை வேண்டாம் என்றுவிட்டீர்கள். உங்களைவிடக் கெட்டிக்காரர் என்று நீங்கள் சொன்னவரையே எடுத்துக்கொள்கிறோம்.” அடுத்த வரியில் மாமாவின் பெயர்.

“கெட்டிக்காரன்னு சொல்றதுலயும் முந்திக்கிட்டான் பாத்தியா!”

“வேலை கிடைச்சதுக்குமா எரியுது?” என்றாள் அக்கா.

நான் தடுப்பதற்குள் மாமா அதிலேயே பதிலைத் தட்டி அனுப்பிவிட்டார்: “வருகிறேன். பக்கத்து ஊர்க்காரருக்குத் தெரிய வேண்டாம்.”

குழு வழியாக முதல் பதில் துரையிடமிருந்து வந்தது: “தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துகள்.”