எந்தக் கல்?

டெல்லியில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் பென்ஷன் விண்ணப்பத் தளம் செய்து கொடுத்த பாவி நான்.

அங்கே இருப்பது அரதப் பழசான பிரவுசர். அதில் 'சமர்ப்பி' பட்டன் விண்ணப்பதாரர் போட்டோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வெளியே இழுத்து வந்து அமுக்கினாலும் ஜாவாஸ்கிரிப்ட் அசையாது. அதற்கென்றே தனியாக நிரல் எழுதி, இரண்டு மாதமாக முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன்.

இன்று காலை அங்கே கணினிகளைக் கவனிக்கும் வித்யா மேடத்துக்குப் போன் செய்தேன். தமிழர்தான், மயூர் விஹாரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"மேடம், பிரவுசர் அப்டேட் என்னாச்சு?"

"அச்சா, அதுவா? அது கல் தான் தம்பி. டென்ஷன் வேணாம்."

நேற்றே முடிந்துவிட்டதாம்! அந்த முட்டு நிரலை மொத்தமாக அழித்துவிட்டு, முனிர்கா முக்கில் நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

பதினோரு மணிக்கு அவரே அழைத்தார். "தம்பி, ஸ்க்ரீன் பூரா வெள்ளையா இருக்கு! லைன்ல இருபது பேர் நிக்கறாங்க. ஜல்தி பாருங்க."

"அப்டேட் கல்னு சொன்னீங்களே மேடம்?"

"ஆமா, கல். நாளைக்கு!"

இந்தியில் நேற்றும் கல், நாளையும் கல். என் தலையில் விழுந்தது தமிழ்க் கல்.

போனை வைக்கும் முன் வரிசையைப் பார்த்து அவர் சொன்னதும் காதில் விழுந்தது: "வெப்சைட் கராப் ஹை. கல் ஆயியே." தளம் கெட்டுப்போச்சாம், நாளைக்கு வரணுமாம்.

பழைய நிரலைத் திரும்பப் போட்டுவிட்டேன். அழிக்கப்போவதில்லை.

உங்கள் ஆபீஸில் என்ன பிரவுசர்? வெர்ஷன் எல்லாம் வேண்டாம், எந்தக் கல் என்று மட்டும் சொல்லுங்கள்.