கடலடிக் கோயிலும் கயிற்றின் நுனியும்

சினத்தோடு எழுதுகிறவன் மிகைப்படுத்துவான். ஆதலால் நான் கண்டதும் என் கை தொட்டதும் மட்டுமே இங்கு இடம்பெறும். பிறர் சொன்னதைச் சொன்னவர் வாயிலேயே விட்டிருக்கிறேன். ஓர் அழகிய பொய் மேடையேறினால் யார் வீட்டு அடுப்பு அணையும் என்பதை இப்பயணத்தில் கண்டேன்.

1954, மாசி, சனிக்கிழமை. காலை ஏழரைக்குச் செங்கற்பட்டில் பேருந்து ஏறினோம். மாமல்லபுரம் ஏறத்தாழப் பதினெட்டு மைல், கட்டணம் பன்னிரண்டணா. நான் தமிழ் வித்துவான்; உடன் வந்தவர் தத்துவப் பேராசிரியர் நமச்சிவாயம். மறுநாள் மாலை, செங்கற்பட்டில் ஒரு சபையில், இறைவன் உளன் என்பதற்கு இடைக்காலத்தார் காட்டிய சான்றுகளைப் பற்றி அவர் பேசவிருந்தார்.

வழிநெடுக அப்பேச்சுத்தான். ஐரோப்பியத் துறவி ஒருவர் சொன்னாராம்: எதனினும் பெரிதொன்றை எண்ண இயலாதோ, அது எண்ணத்தில் மட்டும் இருக்க முடியாது, உண்மையிலும் இருந்தாலன்றி அது பெரிதாகாது. மற்றொரு துறவி உடனே மறுத்தார்: குறையே இல்லாத தீவொன்றை நான் எண்ணுகிறேன், அதற்காக அது எங்கோ இருந்தாக வேண்டுமா?

"அந்தத் தீவைத்தான் இன்று காட்டப்போகிறேன்" என்றார் பேராசிரியர். மாமல்லபுரத்தில் ஏழு கோயில்கள் இருந்தன, ஆறு கடலுள் மூழ்கின என்னும் வழக்கைப் பலரும் அறிவர். அவற்றுள் ஒன்றில் தம் கயிற்றுக்கல் மோதியதாக அவ்வூர் மீனவர் ஒருவர் வருவோர்க்கெல்லாம் சொல்லிவந்தார். மக்கள் எண்ணிய கோயில் உண்மையிலும் உண்டெனில், தீவைச் சொல்லி மறுத்தவர் தோற்றார் என்பது இவர் கணக்கு.

"கோயில் இருந்தாலும் அதைக் காட்டியது கயிறாகும், கருத்தாகாது" என்றேன். அவர் சன்னல் வழியே திருக்கழுக்குன்றத்து மலையுச்சியை அண்ணாந்து பார்த்தார்.

"கழுகு உச்சி வேளைக்குத்தான் வரும் சார்" என்றார் நடத்துநர். "இப்ப பாத்தா மலதான் கீது."

பத்து மணிக்குக் கட்டுமரம் ஏறினோம். அம்மீனவர் பெயர் கன்னியப்பன். கரையிலுள்ள இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வரும்வரை துடுப்புப் போட்டார். அவை எவை என்பதை எழுதமாட்டேன், காரணம் விளங்கும். கல் கட்டிய கயிற்றை இறக்கினார். கடினமான ஒன்றில் அது மோதியது; கயிற்றைப் பிடித்து அந்த அதிர்வை நானும் உணர்ந்தேன்.

"இன்னா சாமி, கேட்டுச்சா? கோபுரம் சாமி! கலசம் கூட கீது. எங்க நைனா பாத்துகீறாரு!"

பேராசிரியர் கண்மூடிக் கைகூப்பினார். "நாளை மேடையில் உங்கள் பெயரைச் சொல்லியே அறிவிக்கிறேன்."

கன்னியப்பனின் துடுப்பு நின்றது. கயிற்றைச் சுருட்டிவைத்துக் கட்டுமரத்தைக் கரைக்குத் திருப்பினார்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவி செல்லம்மாள் செய்தி கேட்டதும் வெடித்தார்.

"யோவ், வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் கலசம் கீது, கோபுரம் கீதுன்னு அளந்துகினு இருந்தியே! இப்ப அந்தக் கலசத்து மேலயே ஏறி உக்காந்துக்கோ!"

"சும்மா கெட புள்ள. கேட்டுட்டு சிரிச்சிகினு போவாங்கன்னு சொன்னேன். மேடையில ஏத்துவாங்கன்னு யாரு கண்டா?" எங்கள் பக்கம் திரும்பினார். "சாமி, அது கோயிலு இல்ல. வெறும் பாரு."

பார் என்பது மீன் அடையும் கடலடிப் பாறை. அவர் குடும்பம் அதை நம்பியே பிழைக்கிறது.

"கோயிலுன்னு ஆயிட்டா நாட்டாரு வுடுவாரா?" என்றார். நாட்டார் என்பவர் மீனவரின் ஊர்த்தலைவர். "சாமி தலமேல வல போடுவியாடான்னு தடுத்துடுவாரு. அப்பால எங்க வூட்ல இன்னாத்த ஒல வெக்கிறது?"

"அச்சத்தால் மறுக்கிறார்" என்றார் பேராசிரியர் என்னிடம். "முதலில் சொன்னதே உண்மை. இத்தனை தலைமுறை எண்ணியது வெறுங்கல்லாக இருக்குமா?"

அங்கேயே குரலுயர்த்தினேன். பேருந்தில் பேசிய முதல் துறவிக்கும் முற்பட்ட, தத்துவமும் கற்ற பாரசீக மருத்துவர் ஒருவர் தெளிவாக வகுத்தார்: ஒரு பொருள் இன்னதென்பது வேறு, அது உண்டென்பது வேறு. உலகத்துப் பொருள்கள் தம் இருப்பைப் பிறிதொன்றிடம் பெற்றவை. இறைவன் ஒருவனே பெறாது உள்ளவன். எனில் இறைவன் உளன் என்பதும் கடலடியில் கல் உண்டென்பதும் ஒரே இருப்பு அல்ல. கல்லைக் காட்டி இறைவனை நிறுவப் புகுந்தவர் இறைவனையும் கல்லாக்குகிறார். போகிற வழியில் ஒருவரின் வலையையும் பறிக்கிறார். இத்தனையும் சொன்னேன். அவர் செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். திரும்பும் பேருந்தில் நான் பின்னிருக்கையில் அமர்ந்தேன்.

ஞாயிறு மாலை ஆறு மணி. சபை நிறைந்திருந்தது. பேராசிரியர் கலசத்தையும் கன்னியப்பன் பெயரையும் சொன்னார். கன்னியப்பன் மறுத்ததைச் சொல்லவில்லை. கைதட்டல் எழுந்தது. "கரை அடையாளங்களைக் கவனித்தவர் என் நண்பர், இடத்தை அவர் சொல்வார்" என்று என்னைக் காட்டினார்.

எழுந்தேன். "கயிறு கடினமான ஒன்றில் மோதியது. அவ்வளவே அறிவேன். கோயில் என்ற சொல்லைக் கன்னியப்பனே திரும்பப் பெற்றார். இடத்தைச் சொல்லமாட்டேன்."

"வித்துவான் நாத்திகராயிட்டாருப்பா!" என்று பின்வரிசையில் ஒரு குரல். சபை சிரித்தது. தலைவர் மணியடித்து என்னை உட்காரச் சொன்னார்.

அறியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கடலடியில் கிடப்பது பாறையா, செதுக்கிய கல்லா, தெரியாது. துறவியின் சான்றில் நான் காணாத உண்மை ஏதும் உண்டா, தெரியாது. இறைவன் உளன் என்பதில் எனக்கு ஐயமில்லை. அன்றைய பேச்சு நாட்டார் காதுக்கு எட்டியதா, கன்னியப்பனின் பார் இன்னும் கன்னியப்பனுக்கு உண்டா என்பது தெரியாது.