சபுருக்குப் பொருள் சொன்ன முன்ஷி

பக்கத்து வீட்டு மருமகன் நேற்று ஒரு காகிதத்தோடு வந்தான். துபாய்க் கம்பெனி அனுப்பிய வேலை ஒப்பந்தம், முழுக்க அரபி. "மாமா, ரங்கூன்ல அரபி முன்ஷியா இருந்தவங்கதானே நீங்க? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று மடியில் வைத்தான். காகிதத்தில் புது மை வாசனை. அரபி எழுத்தும் மை வாசனையும் சேர்ந்தால் எனக்கு இன்றும் எழுந்து ஓடிவிடத் தோன்றும். ஏனென்று உங்களிடம் சொல்வதற்கென்ன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூன் மொகல் தெருப் பக்கம், அரிசி ஏற்றுமதி செய்த ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் வீட்டில் பெண்கள் தமிழையே அரபி எழுத்தில்தான் எழுதுவார்கள். உம்மாவின் கடிதமும் அப்படித்தான் வரும். ஒருநாள் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது துரை எட்டிப் பார்த்தார். "நீ அரபி படிப்பாயா?" "படிப்பேன் சார்." அதில் பொய் ஏதும் இல்லை பாருங்கள். எழுத்துக்கூட்டத் தெரியும், ஓதத் தெரியும். அர்த்தம் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை, நானாக ஏன் சொல்ல வேண்டும்? மறுநாளே அரபிக் கடிதங்களுக்குப் பொருள் சொல்லும் முன்ஷி ஆகிவிட்டேன். என் மேசையும் ஜன்னலோரம் போனது.

பிறகு பஸ்ராவிலிருந்து ஓர் அரபு வியாபாரியின் கடிதம் வந்தது. அனுப்பிய அரிசி ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று இங்கிலீஷில் மரியாதையாக விசாரித்திருந்தார். அடியில் மட்டும் தன் கைப்பட அரபியில் ஒரு வரி, அவர்கள் ஊர்ப் பழமொழி என்ற குறிப்போடு. பழமொழி என்றால் துரைக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. "பொருள் சொல். இங்கிலீஷில் இதற்கு இணை எதுவென்று பார்த்துப் பதிலில் சேர்ப்போம்" என்று எதிரே உட்கார்ந்துவிட்டார்.

ராகத்தோடு ஓதிக் காட்டினேன். "அழகு. பொருள்?" அந்த வரியில் எனக்குப் புரிந்தது ஒரே சொல், சபுர். பிள்ளை பசியென்று அழுதால்கூட "சபுர் செய்" என்போம். பொறுமை.

"பொறுமையைப் பற்றிச் சொல்கிறார் சார்."

"பொறுமையைப் பற்றி என்ன?"

"அது நல்லது என்கிறார்."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும், அடுத்த கப்பலில் ஊர். துரை, காத்திருப்பதைப் புகழும் இங்கிலீஷ் பழமொழிகள் மூன்றைத் தேடியெடுத்து, அவற்றில் அழகானதைப் பதிலில் எழுதி அனுப்பினார்.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. மொகல் தெருப் பள்ளிவாசலில் அரபி கற்ற ஆலிம்கள் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் இருக்க வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தள்ளியிருந்த தாமுவே வட்டாரம் வரை ஓடினேன். அவர்களிடமே பொருள் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் முன்ஷியின் லட்சணம் தெருவுக்கே தெரிந்துவிடுமே!

மூன்றாம் மாதம் வியாபாரியே வந்து இறங்கினார். முகம் கடுகடுவென்று இருந்தது. துரை கைகுலுக்கி, "உங்கள் வரியை எங்கள் முன்ஷிதான் விளக்கினான்" என்று சொல்லி, அந்த இங்கிலீஷ் பழமொழியை மறுபடி ஒப்பித்தார். வியாபாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அரபியில் மளமளவென்று ஏதோ கேட்டார். இறைவனுக்கே புகழ் என்ற, என்னிடம் இருந்த ஒரே அரபிப் பதிலைச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்."

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது, பொறுமை தீர்ந்துபோனது என்றல்லவா மனிதர் எழுதியிருக்க வேண்டும்! "முன்ஷி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்" என்றார் அவர் துரையிடம். பர்மாத் தேநீர் ஒரு கோப்பை குடித்தார். வழியனுப்பப் போன என்னிடம் மட்டும் இந்துஸ்தானியில், "நீ ஓதுவது நன்றாக இருக்கிறது" என்றார். அதன்பின் அவரிடமிருந்து ஆர்டர் வரவே இல்லை. துரைக்குக் காரணம் கடைசிவரை புரியவில்லை. வாரம் ஒரு புது வரியோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார். நானும் அங்கிருந்த வரைக்கும் பொருள் சொன்னேன்.

நேற்று துணிந்துவிட்டேன். "தம்பி, எனக்குப் படிக்க மட்டுந்தான் தெரியும். அர்த்தம் சுத்தமாத் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட காட்டிட்டுக் கையெழுத்துப் போடு." ஐம்பது வருஷமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. அவன் சிரித்தான். "போங்க மாமா, ரொம்பத்தான் அடக்கம்" என்று காகிதத்தை மறுபடி என் மடியிலேயே தள்ளினான்.

அந்த ஆபீஸ் யுத்தத்தில் குண்டு விழுந்து போயிற்று. துரை போய்விட்டார். உம்மாவின் கடிதங்களும் ரங்கூனோடு போயின. எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத அந்தப் பஸ்ராக்காரரும் இருக்கமாட்டார். எனக்கு அரபி தெரியாது என்று சாட்சி சொல்ல இனி ஒருவரும் இல்லை.