இரும்பாக நடித்த பித்தளை

தென்காசியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கதவுக் கைப்பிடிகளை இரும்பு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தோம். அவ்வளவு கறுப்பு. ஒரு பொங்கலுக்கு வீட்டை ஒதுங்கவைத்துச் சுத்தம் செய்யும்போது, குத்துவிளக்குத் தேய்த்த புளிச்சக்கை கையில் மிச்சம் இருந்தது. அம்மா அதை வாசல் கதவு வளையத்தில் ஓர் இழுப்பு இழுத்தாள். மஞ்சளாகப் பளிச்சென்றது.

"ஏட்டி, இங்கன ஓடி வா! இது பித்தளைல்லா!"

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். வளையம், குமிழ், தாழ்ப்பாள் ஒன்றையும் விடவில்லை. புளி, அப்புறம் செங்கல் பொடி, கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். குற்றாலத்துச் சாரல் காற்று எங்கள் தெரு வரைக்கும் வரும். துடைக்காமல் விட்டால் பித்தளையில் பச்சை பூத்துவிடும். அதனால் சாரல் தொடங்கியதும் எங்கள் வீட்டு ரசத்தில் புளி குறைந்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கதவைப் பார்ப்பார்.

அவருடைய கவலை வேறு. வீட்டுக்காரர் செங்கோட்டையில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் உருப்படியாக எது கண்ணில் பட்டாலும் கழற்றிக்கொண்டு போவது அவர் வழக்கம். ஒரு வருஷம் தோட்டத்துத் துவைகல் போயிற்று. மறுவருஷம் ஊஞ்சல், சங்கிலியோடு போயிற்று. கைப்பிடிகள் பித்தளை என்பது நல்லவேளையாக அவருக்கே தெரியாது. சாரலுக்குக் குற்றாலம் வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு வீட்டைப் பார்க்க வருவார்.

அந்த ஆனியில், நாளைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது.

"எல்லாத்தையும் கறுப்பாக்கிரு. பாத்தாருன்னா ஒண்ணு விடாம கழத்திட்டுப் போயிருவாரு" என்றார் அப்பா.

"பெத்த பிள்ளை மூஞ்சியில கரியைப் பூசச் சொல்லுதீங்களே!" என்று அம்மா அழுதாள். ஆனாலும் அடுப்புக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசினாள். கைப்பிடிகள் மறுபடி இரும்பாயின.

மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். வளையத்தைப் பிடித்துக் கதவைத் தள்ளினார், அதே கையால் நெற்றி ஈரத்தை வழித்தார். திருநீற்றுக்குக் கீழே கறுப்பாக இன்னொரு பட்டை விழுந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது. உள்ளங்கையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன வே இது? வீட்டை இப்படியா வச்சிருக்கது? வீட்ல பொம்பளையாளு உண்டா இல்லையா?"

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "அதை ஏன் கேக்குதீங்க அண்ணாச்சி! என்னத்தச் சொன்னாலும் தேய்க்க மாட்டேங்கா" என்று பல்லைக் காட்டினார்.

அங்கேதான் கெட்டது. வீட்டுக்காரர் திட்டியதைக்கூட அம்மா பொறுத்திருப்பாள். அடுக்களையிலிருந்து புளியோடு வந்தாள்.

"அண்ணாச்சி, செத்த நில்லுங்க."

கரி வழிந்தது. அடியில் வளையம் மின்னியது. அப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. "அடடே, பித்தளையா! பொம்பளைன்னா இப்படில்லா இருக்கணும்" என்றார்.

மறுநாளே ஆசாரி வந்தார். சாயங்காலத்துக்குள் எல்லாக் கதவிலும் இரும்பு. அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "துடைக்க ஒண்ணுமே இல்லியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கும் அழுகை வந்தது. அன்றைக்கு ரசத்தில் பழையபடி புளி இருந்தது. "ரசம் பிரமாதம்" என்று அப்பா சொல்லிவைத்தார். பிறகு ஒரு வாரம் அவருக்கு ரசமே கிடைக்கவில்லை.

ஐப்பசியில் செங்கோட்டை வீட்டில் பால்காய்ப்பு. எங்களையும் அழைத்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் அம்மாவைக் காணவில்லை என்று தெரிந்தது. நானும் அப்பாவும் எழுந்து தேடினோம்.

வாசலில் இருந்தாள். எங்கள் கைப்பிடிகள் அந்தப் புதுக் கதவில் மழைக்குப் பச்சை பூத்துக் கிடந்தன. சமையற்காரரிடம் புளிச்சக்கை வாங்கி வந்து, கட்டியிருந்த பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் பதறி ஓடிவந்தார்.

"விருந்துக்கு வந்த இடத்துல நீங்க எதுக்கும்மா இதெல்லாம்?"

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏன் அண்ணாச்சி, வீட்ல பொம்பளையாளு உண்டா இல்லையா?"

அப்பா போய், கதவு ஆடாதபடி பிடித்துக்கொண்டார்.